திறக்கப்படாத ஐந்து லீற்றர்

எண்ணெயும் தண்ணீரும் கலந்து கெட்ட இயந்திரத்திலிருந்து வழியும் கூழுக்குத் தனி மணம் உண்டு. புளித்துக் கைவிட்ட மாவின் மணமும் கருகிய மயிரின் மணமும் சேர்ந்தது என்று சொன்னால் ஓரளவு சரியாக இருக்கும். நிறம், பால் அதிகம் விட்ட கோப்பியின் நிறம். விரலால் தொட்டால் நூல் நூலாக இழுபடும்; சவர்க்காரம் இட்டுக் கழுவினாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் முற்பகலில், அந்தக் கூழ் ஒரு தகரத் தட்டில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பு பல நாட்கள் கோப்பியைக் கண்டாலே எனக்குக் குமட்டியது. அன்று எங்கள் கார் நின்ற அந்தக் கொட்டிலில் குமட்டலுக்குரியவை இரண்டு இருந்தன. ஒன்று தட்டில் கிடந்தது. மற்றது, தட்டுக்கு இரண்டடி தள்ளிக் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்ற நான்.

கார் எனக்கும் என் நண்பருக்கும் பொதுவானது. நண்பர் என்னிலும் ஆறு வயது இளையவர். யாழ்ப்பாணத்தில் பேருந்து திருத்தும் வேலை பழகியவர். இங்கே ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்கிறார். நான் பாடனில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களின் அளவைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன். புதன்கிழமைப் பிற்பகல்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். இந்த நாட்டுக்கு அகதிகளாக வந்த எங்களை ஒரே விடுதியில் ஒரே அறையில் போட்டார்கள். கற்பித்தல் காரணமாக எல்லோரும் என்னை மாஸ்ரர் என்று அழைக்கத் தொடங்கிய பின்னரும் அவர் மட்டும் முதல் நாள் அழைத்தபடியே அண்ணை என்றுதான் அழைத்துவந்தார்.

அந்தக் கார் வீதியில் ஓடுவதற்கானது அன்று. இரண்டு கார்கள் அருகருகே நின்று, விளக்குப் பச்சையானதும் நானூறு மீற்றரை நேர்கோட்டில் ஓடி முடிக்கும் பந்தயத்துக்கானது. வளைவும் இல்லை, சுற்றும் இல்லை. மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கோடையின் சில வார இறுதிகளில், பழைய இராணுவ விமான ஓடுபாதைகளில், எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரரையும் ஓட விடுவார்கள். எங்களுடையது ஒரு பழைய இருகதவுக் கார். அதன் வயிற்றில் நண்பர் பழைய இரும்புக் கிடங்கொன்றில் தேடிப் பிடித்துத் தம் கையால் பூட்டிய எட்டு உருளை வார்ப்பிரும்பு இயந்திரம். அவர் ஓட்டுவார். நான் சில்லுகளின் காற்றைப் பார்ப்பேன், நேரங்களைக் கொப்பியில் குறிப்பேன்.

அவருடைய மிகச் சிறந்த நேரம் பதின்மூன்று விநாடியும் சொச்சமும். பதின்மூன்றுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சென்ற ஆண்டு ஆவணியில் அந்த ஆசைக்கு ஒரு தவணை விதிக்கப்பட்டது. இரண்டு கண்களிலும் பக்கப் பார்வை சுருங்கி வருவதாகவும், அடுத்த கோடை முடியும்வரை மட்டுமே பந்தய அனுமதிக்கு வேண்டிய சான்றில் தாம் கையெழுத்திட முடியும் என்றும் கண் மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவமனையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தவர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "ஒருக்கால் பதின்மூண்டுக்குக் கீழை இறங்கினாக் காணும் அண்ணை. பிறகு நான் பேசாமல் பஸ்ஸிலை திரியிறன்" என்றார்.

இனி ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. பந்தயக் காரின் இயந்திரத்தைக் குளிர்விக்க வெறும் தண்ணீரே ஊற்ற வேண்டும் என்பது ஓடுபாதையின் விதி. வீதிக் கார்களில் ஊற்றும் நிறநீர் சிந்தினால் பாதை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். பின்னால் வருபவன் உயிர் தப்புவது அரிது. ஆனால் வெறும் தண்ணீர் பனிக்காலத்தில் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் வார்ப்பிரும்பையும் பிளக்கும். எனவே பந்தயப் பருவம் முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு உறைதடுப்பி ஊற்றிவைக்க வேண்டும். நான் உறைதடுப்பி என்று எழுதுவதை நண்பர் இந்நாட்டார் சொல்லால் புறொஸ்ற்சுட்ஸ் என்பார். எந்தச் சொல்லால் அழைத்தாலும் அது ஒரு மணிநேர வேலை.

ஆண்டுதோறும் அதை அவரே செய்வார். சென்ற ஆண்டு தங்கையின் மகளுடைய திருமணத்துக்காக ஐப்பசி முடிவில் யாழ்ப்பாணம் போனார். தை முடிவில்தான் திரும்பி வருவார். போகும் முன் ஐந்து லீற்றர் கலன் ஒன்றை வாங்கி, கொட்டிலின் பூட்டுத் திறப்போடு என் கையில் தந்தார். கொட்டில், பாடனுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் விவசாயி ஒருவரிடம் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது.

கார்த்திகை நடுப்பகுதியில் ஒருநாள் பேருந்தேறிப் போனேன். முன்மூடியைத் திறந்து, கீழே தட்டை வைத்து, வடிகுழாயைத் திருகக் குனிந்தபோது கைபேசி ஒலித்தது. ரொறன்ரோவிலிருந்து என் தங்கை. பெரியப்பாவின் மகன் காலமாகிவிட்டார். தந்தைவழி உறவு, எங்கள் வழக்கப்படி முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது மரணத் தீட்டு. அந்த நாட்களில் கோயிலுக்குப் போகலாகாது, கோயிலைச் சேர்ந்த எதையும் தொடலாகாது.

இந்தத் துடக்கைப் பற்றி நான் கோயில் ஆண்டு மலரில் நான்கு பக்கக் கட்டுரை எழுதியவன். தொற்றுநோய்க் காலத்துச் சுகாதார ஏற்பாடு, இன்றைய அறிவுக்குப் பொருந்தாது என்று நிறுவியிருந்தேன். அந்தக் கட்டுரையைப் பலர் பாராட்டினார்கள். ஆனால் எங்கள் கார் ஒவ்வொரு சித்திரையிலும் முதல் ஓட்டத்துக்குமுன், இழுவண்டியில் ஏறிக் கோயில் வாசலுக்குப் போகும் கார். ஐயர் சில்லின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார். சுக்கானில் சிவப்பு நூல் கட்டுவார். திறந்த கதவு வழியே அந்த நூல் எனக்குத் தெரிந்தது. மணிக்கு நூற்றறுபது கிலோமீற்றரில் நண்பரைக் கொண்டு போகும் வண்டி; துடக்கோடு நான் கைவைத்து, நாளை அவருக்கு ஏதாவது நேர்ந்தால்? என் கை தானாகப் பின்வாங்கியது என்று எழுதலாம். அது பொய்யாகும். நின்று யோசித்து, யோசித்தே மூடியைச் சாத்தினேன்.

கலனை வீட்டுக்குச் சுமந்து வந்தேன். அடுக்குமாடியின் நிலவறையில், எங்களுக்குரிய மரச்சட்டத் தடுப்புக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னே வைத்தேன். மனைவிக்குச் செய்தியைச் சொன்னபோது முதற்கேள்வியாக, அந்தக் காரைத் தொட்டனீங்களோ என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப மலரிலை எழுதின மனுசன் எங்கை போட்டார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுக்கப் போனார்.

மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து நண்பர் அழைத்தார். செய்தி அங்கும் எட்டியிருந்தது; என் இழப்புக்கு இரண்டு சொல் சொன்னார். பிறகு, "தண்ணி மாத்தினியளோ அண்ணை?" என்றார்.

"ஓம், மாத்தியாச்சு."

துடக்கு என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருப்பார். மாஸ்ரர் துடக்குக்குப் பயந்து காரைத் தொடவில்லை என்ற கதை, அவர் வந்து இறங்கிய மறுநாளே ஓர்லிகோனின் கடைகளில் உலாவும். அந்தச் சிரிப்புக்கு அஞ்சினேன். இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கையில் எவ்வளவு சிறுமையாக இருக்கிறது.

மார்கழியில் மீண்டும் அழைத்தார். அங்கே வெயிலில் இருந்துகொண்டு கைபேசியில் எங்கள் ஊர்க் குளிரைப் பார்த்திருக்கிறார். "பாடன் மைனஸ் நாலு எண்டு காட்டுது. எங்கடை ஆள் சுகமோ?" என்று காரை விசாரித்தார். சுகமாக நித்திரை கொள்கிறது என்றேன். அவர் மகிழ்ந்து சிரித்தார். கேட்காத அலங்காரத்தையும் சேர்த்துக் கொடுத்த என் நாவை நினைக்கும்போது இன்றும் வாய் கசக்கிறது.

முப்பத்தோராம் நாள் மார்கழி நடுவில் கழிந்தது; டிசம்பரைத்தான் நாங்கள் மார்கழி என்போம். தலைமுழுகினேன், கோயிலுக்குப் போனேன், திருநீறு பூசினேன். கலன் அரிசி மூட்டைக்குப் பின்னேயே இருந்தது. முதல் வாரம் வெண்பனி. அடுத்த வாரம் இடுப்புவலி. பின்பு ஆண்டிறுதி விடுமுறையில் பேருந்துகள் குறைவு. உண்மையில் இவை எவையும் தடையல்ல. மாற்றியாயிற்று என்று இரண்டுமுறை சொன்ன பிறகு, மாற்றுவதற்காகப் புறப்படுவதென்றால் நான் பொய்யன் என்பதை என் காலிடமாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கால் புறப்படவில்லை.

தை இரண்டாம் வாரம் ஐந்து நாட்கள் கடுங்குளிர். பல்கனியில் நாங்கள் மறந்துவிட்ட வாளியில் தண்ணீர் உறைந்து, வாளியின் பக்கம் மேலிருந்து கீழாகப் பிளந்து நின்றது. சமையலறைக் கண்ணாடி வழியே அதைப் பார்த்தேன். அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தேன்.

தை முடிவில் திரும்பிய நண்பர் குளிர் தணியும்வரை கொட்டிலுக்குப் போகவில்லை; பங்குனியில் அந்தச் சனிக்கிழமை வந்தது. நண்பர் புதிய மின்கலம் கொண்டுவந்து பூட்டினார். அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்தும் நான் பேசவில்லை. தண்ணீர் தானே கசிந்து வெளியேறியிருக்கலாம், கொட்டிலுக்குள் அவ்வளவு குளிர் புகுந்திராது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே அமர்ந்து, சிவப்பு நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றித் திறப்பைத் திருகினார். இயந்திரம் உடனே பிடித்தது. அரை நிமிடம் மிகவும் ஆரோக்கியமான ஓசை. அந்த அரை நிமிடத்தில் நான் தப்பிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அவருடைய கார் தப்பியது என்று கூட அல்ல. பிறகு பக்கவாட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது, வெண்புகை எழுந்தது, ஓசை கரகரத்தது. அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.

இயந்திரத்தின் விலாப்புறத்தில் காசு வடிவில் பதித்திருந்த தகட்டு மூடிகளில் இரண்டு வெளியே தள்ளப்பட்டிருந்தன. அவற்றின் மேலே, வார்ப்பிரும்பில், ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போன்ற வெடிப்பு. உள்ளேயும் பிளந்திருக்க வேண்டும்; எண்ணெய் வடிக்கும் ஆணியைக் கழற்றியபோதுதான் நான் முதலிற் சொன்ன கூழ் வழிந்தது. ஓட்டிப் பார்த்த அந்த அரை நிமிடம் தண்ணீரையும் எண்ணெயையும் நன்றாகக் கடைந்து, சுழல்தண்டின் தாங்கிகள் எல்லாவற்றிலும் பூசிவிட்டது. அவர் திறப்பைத் திருகுமுன் நான் வாய் திறந்திருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும்.

நண்பர் குந்தியிருந்து வெடிப்பை விரலால் தடவினார். பார்வை சுருங்கியவர் ஆதலால் தலையை இருபுறமும் திருப்பித்தான் அதன் முழு நீளத்தையும் பார்க்க முடிந்தது. வெடிப்பில் நின்ற துளியை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"நிறமே இல்லை அண்ணை."

"இப்பொழுது நிறமற்றதாகவும் தயாரிக்கிறார்கள்" என்றேன். வகுப்பில் பேசும் தமிழில் சொன்னேன். ஐயம் எழாதிருக்க நான் கைக்கொள்ளும் தமிழ் அது.

அவர் நம்பினார். தலையில் கைவைத்து, "அப்ப என்ர பிழைதான். மலிஞ்ச சாமானை வாங்கித் தந்திட்டன்" என்றார். பிறகு வெறுங்கலன் எங்கே என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றேன். அவர் அதோடு விடவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டும், அண்ணைதான் முறையான டொச் கதைப்பார், அண்ணை வரவேண்டும் என்றார். நானும் போனேன்.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். நான் ஜெர்மன் எழுத்து மொழியில், வினைமுற்றுகளை உரிய இடத்தில் நிறுத்தி, உங்கள் பொருள் உறைந்துவிட்டது என்று முறையிட்டேன். எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டார். ஒரு தேதி சொன்னேன். எவ்வளவு தண்ணீர் கலந்தீர்கள் என்றார். அதற்கும் ஓர் அளவு சொன்னேன். நிறத்தைக் கேட்டார், நிறமில்லை என்றேன். அவர் அலுமாரித் தட்டிலிருந்து அதேபோன்ற கலனொன்றை எடுத்து முத்திரையை உடைத்து, கடதாசிக் கோப்பையொன்றில் சிறிது ஊற்றி எங்கள் முன் வைத்தார். பீற்றூட் பிழிந்த சாறுபோல் ஊதா நிறம். தாம் கடை நடத்தும் காலம் முழுவதும் இந்தப் பொருள் இந்த நிறத்திலேயே வருகிறது என்றார். சொல்லும்போது என்னை மட்டுமே பார்த்தார். குரலில் சினம் இல்லை. கால் வைத்த இடத்தில் எதையோ மிதித்தவர், சப்பாத்தின் அடியைப் பார்ப்பதுபோன்ற பார்வை.

நண்பர் கோப்பையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்க வேண்டியவன் பக்கத்தில் நின்றான்.

என்னை வீட்டில் விடுவதற்காகத் தம் வீதிக் காரில் பாடன்வரை ஓட்டி வந்தார். வாசலில் நிறுத்தி, முன்னே பார்த்தபடியே, "கானை எங்கை எறிஞ்சனீங்கள் அண்ணை?" என்று கலனைப் பற்றிக் கேட்டார்.

"இறங்கும். கீழை வாரும்" என்றேன்.

நிலவறைக்குக் கூட்டிச் சென்றேன். பூட்டைத் திறந்து, அரிசி மூட்டையை நகர்த்தி, கலனை எடுத்துக் கையில் கொடுத்தேன். முத்திரையைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒருமுறை குலுக்கினார். நிறைந்த கலன் அவ்வளவாக ஓசை செய்யாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ரொறன்ரோச் செய்தி, சிவப்பு நூல், தொலைபேசி, வாளி. துடக்கு என்ற இடத்தில் அவர் வாயோரம் சற்று நெளிந்தது.

"நீங்களோ? துடக்கோ?"

"ஓம்."

"முப்பத்தொண்டு எப்ப முடிஞ்சது?"

"மார்கழி நடுவிலை."

விரல்களை மடக்கி எண்ணினார். "குளிர் தை இரண்டாங் கிழமை. அப்ப நாலு கிழமை இருந்திருக்கு." பிறகு, "புறொஸ்ற்சுட்ஸ் வேண்டாம். குழாயைத் துறந்து தண்ணியை நிலத்திலை விட்டிருந்தாக்கூடக் காணும்" என்றார்.

கலனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"துடக்குக்குப் பயந்தது எனக்கு விளங்குது. நானும் பயந்திருப்பன். அந்த நாலு கிழமைக்கு என்ன பேர்?"

தானியங்கி விளக்கு அணைந்தது. அவர் சுவரைத் தடவி மறுபடியும் ஏற்றினார்.

"கான் என்ர. கொண்டுபோறன் மாஸ்ரர்."

படியேறிப் போய்விட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலான பழக்கத்தில் அவர் என்னை அப்படி அழைத்தது அதுவே முதன்முறை.

அந்தக் கோடை அவர் ஓடவில்லை. லோசானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இயந்திரம் கிடைத்தது என்றும், அதன் உருளைகளைக் கடைந்து சரிசெய்யும் பட்டறையில் புரட்டாசிக்கு முன் இடமில்லை என்றும் பிறர் வாயிலாகவே அறிந்தேன். பந்தய நாட்களில் அவர் வேலியோரம் நின்று பார்த்தாராம். ஒரு பக்கக் காரைப் பார்த்தால் மறுபக்கக் கார் தெரியாதாகையால் தலையை இங்குமங்கும் திருப்பிக்கொண்டே நின்றாராம். ஆவணியில் கண் மருத்துவர் சொன்னபடியே சான்றில் கையெழுத்திட மறுத்தார்.

புரட்டாசியில் நண்பரிடமிருந்து அழைப்பு வந்தது. கொட்டிலை விடப் போகிறார். காரை யாரோ வெறும் கூடாக எடுக்க இணங்கியிருக்கிறார்கள். லோசான் இயந்திரம் இனி வேண்டாம். "பழைய எஞ்சினை இறக்கவேணும் மாஸ்ரர். தனிய ஏலாது."

போனேன். சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு இறக்கினோம். அடித்தட்டைக் கழற்றியபோது, ஆறு மாதம் கிடந்த கூழ் மேலே ஆடை படிந்து, உள்ளே கெட்ட தயிர்போல் இருந்தது. இரும்புக் கிடங்கார் எண்ணெயோடு ஏற்க மாட்டார்கள், சுரண்டித்தான் ஆகவேண்டும். நான் சுரண்டினேன். அவர் பெட்டியொன்றில் அமர்ந்து, வேண்டிய கருவியைக் கேட்கும்போதெல்லாம் எடுத்துத் தந்தார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. கையுறையும் தந்தார். கூழ் கையுறை விளிம்பைத் தாண்டி மணிக்கட்டில் வழிந்தது. இரண்டுமுறை வெளியே போய்ப் புல்லில் துப்பிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை திரும்பியபோது அவர் சுக்கானிலிருந்த சிவப்பு நூலைக் கத்தரியால் வெட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார். முன்னெல்லாம் அவரே காரில் கொண்டுவந்து வீட்டில் விடுவார்.

"பத்து நிமிசத்திலை பஸ் இருக்கு மாஸ்ரர்" என்றார்.

பேருந்தில், கைகளில் கூழ் மணக்க, சன்னலோரம் அமர்ந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி இரண்டு தரிப்பிடங்கள் பொறுத்துப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு முன்னே போய் அமர்ந்தார்.